தலையில் அடிபட்டபின் கண் கூசுகிறது: கறுப்புக் கண்ணாடி போடலாமா?

பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 24 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. சர்க்யூட் போர்டை வட்ட விளக்கின் அடியில் வைத்து, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு சாலிடர் புள்ளியையும் சரிபார்க்க வேண்டும். ஏழு வாரத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத் தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். விலை போகாத தக்காளியை யாரோ ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போக, அது வண்டிச் சக்கரங்களில் நசுங்கி ரோடெல்லாம் வழுக்கல். பைக் சறுக்கிவிட்டது. தம்பி ஹெல்மெட் போட்டிருந்தார், இவர் போடவில்லை. வலது புருவத்துக்கு மேல் அடி. அடுத்த பத்து நிமிடம் என்ன நடந்தது என்று இன்றுவரை நினைவில் இல்லை. ஒரு முறை வாந்தி. ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்து, ஒரு நாள் வைத்திருந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

தொல்லை அதன்பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது. வாசல் வெயில், டியூப் லைட், போன், எதிரே வரும் வண்டியின் விளக்கு எதைப் பார்த்தாலும் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. கொஞ்ச நேரத்தில் தலைவலி, குமட்டல். ஜன்னலில் பழைய புடவையை இரண்டாக மடித்துக் கட்டி, பகலெல்லாம் இருட்டில் படுத்திருக்கிறார். தம்பி தர்மபுரியில் வாங்கி வந்த கறுப்பு கூலிங் கிளாஸை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. தினமும் தலைவலி மாத்திரை. அம்மா ராத்திரியில் கண்ணில் விளக்கெண்ணெய் விடுகிறார். கண்ணாடிக் கடைக்காரர் நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ கண்ணாடி வாங்கச் சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் சித்தி மகள், ரோஸ் நிறக் கண்ணாடி ஒன்று ஆன்லைனில் வருகிறது, அதை வாங்கு என்கிறார். சூப்பர்வைசரோ, ஸ்கேன் நார்மல் என்றால் வேலைக்கு வருவதற்கென்ன என்று கேட்கிறார்.

“ஸ்கேனில் எதையாவது விட்டுவிட்டார்களா? என் கண் போய்விடுமா? எந்தக் கண்ணாடி வாங்குவது? நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள் டாக்டர்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள மகளுக்கு,

முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நடிக்கவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்குக் கண் கூசுவது டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று. அதற்குக் காரணம் உண்டு, சரியாகும் வழியும் உண்டு. உங்கள் கண் போய்விடாது. இப்போதைய வெளிச்சம் உங்களுக்கு வலிக்கிறது, ஆனால் உங்கள் கண்ணையோ மூளையையோ அது காயப்படுத்தவில்லை. வலி வேறு, காயம் வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இனி நான் சொல்லப்போவதில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

ஸ்கேன் எதையும் விட்டுவிடவில்லை. சிடி ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் போன்றவற்றை. அவை இல்லை என்பது மிக நல்ல செய்தி. ஆனால் உங்களுக்கு வந்திருப்பது கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி. மண்டைக்குள் மூளை ஒரு குலுக்கு குலுங்கி, நரம்பு அணுக்களின் வேலை சில காலம் தாறுமாறாகிவிடுகிறது. வடிவம் மாறாததால் படத்தில் எதுவும் தெரியாது. வீட்டு ஒயரிங்கில் ஒரு கம்பியும் அறுபடவில்லை, ஆனால் வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டை போட்டோ எடுத்துப் பார்த்தால் கோளாறு எதுவும் தெரியாது. ஆகவே உங்கள் சூப்பர்வைசருக்கு நீங்கள் சொல்லலாம்: ஸ்கேன் நார்மல், ஆனால் நான் இன்னும் நார்மல் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான்.

கன்கஷன் வந்த பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். ஒரு பகுதியினருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஏழு வாரம் என்பது அந்த இரண்டாவது கணக்கில் சேரும். அதனால் “தானாகச் சரியாகிவிடும்” என்று இனியும் காத்திருக்க வேண்டாம், ஒரு முறையான சிகிச்சை வேண்டும். பயப்படவும் வேண்டாம்.

வெளிச்சம் ஏன் வலிக்கிறது?

நம் விழித்திரையில் பார்ப்பதற்கான அணுக்கள் மட்டும் இல்லை. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளந்து மூளைக்குச் சொல்லும் தனி நரம்பு அணுக்களும் சில இருக்கின்றன. கண்பாப்பா சுருங்குவதும், பகல் எது இரவு எது என்று உடம்பு தெரிந்துகொள்வதும் பெருமளவு இவற்றால்தான். மெலனாப்சின் என்ற நிறமி இவற்றில் இருக்கிறது. ஏறக்குறைய 480 நானோமீட்டர் அலைநீளம், அதாவது நீலமும் பச்சையும் சந்திக்கும் இடத்து ஒளி இவற்றை மிக எளிதாகத் தூண்டும். இவை அனுப்பும் செய்தி மூளைக்குள் தலாமஸ் என்ற இடத்தில், முகம் நெற்றி கண் இவற்றின் வலியைக் கொண்டுவரும் ட்ரைஜெமினல் நரம்பின் பாதையோடு சேர்கிறது. சாதாரண நாளில் இது நமக்குத் தெரியவே தெரியாது. அடிபட்ட மூளையில் வலிப் பாதை உசுப்பேறிக் கிடப்பதால், வெளிச்சத்தின் செய்தியே வலியாக மாறி வந்து சேர்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வெளிச்சம் ஆகாமல் போவதும் இதே வழியில்தான். பார்வையே இல்லாத சிலருக்கும் ஒற்றைத் தலைவலி நேரத்தில் வெளிச்சம் வலியைக் கூட்டுவதற்கு இந்த அணுக்களே காரணம்.

கறுப்புக் கண்ணாடியும் புடவைத் திரையும்

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. தவறு உங்களுடையது அல்ல. வலித்தால் மூடிக்கொள்வது யாரும் செய்வதுதான்.

தியேட்டரில் பகல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வந்த அனுபவம் இருக்கும். மத்தியானம் இரண்டு மணி வெயில் கண்ணில் அறையும். இரண்டு நிமிடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்போம். தலையில் அடியே படாத ஆளுக்கு, மூன்று மணி நேர இருட்டிலேயே இப்படி. இருட்டில் அரை மணி நேரம் இருந்தாலே விழித்திரை தன் உணர்திறனைப் பல மடங்கு ஏற்றிக்கொள்ளும். நீங்களோ ஏழு வாரமாகத் தியேட்டருக்குள்ளேயே இருக்கிறீர்கள். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி, ஜன்னலில் இரட்டைப் புடவை. ஒவ்வொரு முறை வாசலுக்கு வரும்போதும் கண்ணுக்கு அது பகல் காட்சி முடிந்த நேரம்தான். வலிக்கிறதே என்று மறுபடி உள்ளே போய்க் கண்ணாடியைப் போட, அடுத்த முறை இன்னும் குறைந்த வெளிச்சத்துக்கே வலிக்கும். கண்ணாடி முதல் வாரம் உதவியிருக்கும். இப்போது அதுவே கூச்சத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நாளுக்கு முன் உங்களைப் போலவே ஒருவர் என் அறைக்கு வந்தார். கூலிங் கிளாஸ், அதன் மேல் இழுத்துவிட்ட துண்டு. கண்ணாடியைக் கழற்றச் சொல்லாமல், ஜன்னல் கதவை ஒரு சாண் மட்டும் திறந்துவைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். விபத்து எப்படி நடந்தது, வீட்டில் யார் யார் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் கழித்துத் துண்டு இறங்கியது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அவராகவே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலில் கண் கலங்கித் தண்ணீர் வழிந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இருபதாவது நிமிடத்தில் என் மேஜை மேலிருந்த காலண்டரில் தேதியைப் பார்த்தார். மருந்து எதுவும் தரவில்லை. கண்ணுக்குப் பழக அவகாசம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இருட்டில் கிடப்பதுதான் மூளைக்கு ஓய்வு என்று முன்பு டாக்டர்களாகிய நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் கருத்து மாறிவிட்டது. விளையாட்டில் ஏற்படும் கன்கஷனைப் பற்றி 2022ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்னது இதுதான்: முதல் 24 முதல் 48 மணி நேரம் வேலையைக் குறைத்து, திரை பார்ப்பதைக் குறைத்து இருங்கள். அதன்பிறகு முழு ஓய்வு உதவாது, நடையிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்கு அந்த 48 மணி நேரம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது.

கண்ணாடி வாங்கும் முன் ஒரு பரிசோதனை

உங்களுக்கு அடிபட்டது புருவத்துக்கு மேலே. அந்த இடத்தில் அடிபட்டால் கண் கூசுவதற்கு மூளை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கருவிழிப் படலத்தில் அழற்சி வந்திருக்கலாம். கண்பாப்பா சுருங்காமல் விரிந்தே நின்றிருக்கலாம். கண் வறட்சியும் கூச்சத்தைக் கூட்டும். இவற்றில் எதுவும் கூலிங் கிளாஸால் தீராது. ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பத்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் இதைப் பார்ப்பார்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் பார்க்கலாம். “தலையில் அடிபட்டு ஏழு வாரம், கண் கூசுகிறது” என்று ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் “கண் வலி” என்று எழுதினால் சொட்டு மருந்தோடு திரும்பி வர வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது இரு கண்ணும் உள்நோக்கித் திரும்பி ஒன்று சேர வேண்டும். கன்கஷனுக்குப் பிறகு பலருக்கு இது தளர்ந்துவிடும். நாங்கள் பேனா முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவருவோம். பலருக்கு மூக்குக்கு மிக அருகில் வரும்வரை முனை ஒன்றாகவே தெரியும். இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஒரு சாண் தூரத்திலேயே இரண்டாகிவிடும். பூதக்கண்ணாடி வழியாக எட்டு மணி நேரம் சாலிடர் பார்க்கிற உங்களுக்கு இது மிக முக்கியம். போன் பார்த்தால் தலை வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் வெளிச்சத்தின் பங்கு பாதி, இதன் பங்கு பாதி என்றுகூட இருக்கலாம். இதற்குக் கண்ணாடியின் நிறம் உதவாது. கண்ணுக்கான பயிற்சி இருக்கிறது, செய்தால் தேறும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், விளக்கெண்ணெய் வேண்டாம். மூடிய இமை மேல் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொண்டால் குளிர்ச்சிதான், கெடுதல் இல்லை. கண்ணுக்குள் எண்ணெயோ சாறோ எதுவும் போகக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் அப்படித்தான். அதில் ஸ்டீராய்டு இருந்தால், நாள் கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும்போது கண் அழுத்தம் ஏறிவிடக்கூடும்.

எந்தக் கண்ணாடி, எங்கே?

ப்ளூ கட்: கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் வெள்ளையாகத் தெரியும் ப்ளூ கட் லென்ஸ் பெரும்பாலும் ஊதாவையும் அதை ஒட்டிய நீலத்தையும்தான் தடுக்கும். உங்களுக்குத் தொல்லை தருகிற 480 நானோமீட்டர் பக்கத்தை அது ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ் டின்ட்: உங்கள் சித்தி மகள் சொன்னது எஃப்எல்-41 என்ற சாயமாகத்தான் இருக்கும். டியூப் லைட் வெளிச்சம் ஆகாதவர்களுக்காக உருவானது. 480 முதல் 520 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் குறிவைத்துக் குறைக்கும். 1991ல் வெளியான ஓர் ஆய்வில், ஒற்றைத் தலைவலி உள்ள பிள்ளைகள் இதைப் போட்டபோது மாதத்துக்குச் சராசரி 6.2 முறை வந்த தலைவலி 1.6 முறையாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், கன்கஷன்காரர்கள் அல்ல. கன்கஷனுக்கான ஆய்வுகள் சிறியவை. ஒருவருக்கு ஒத்துவந்த நிறம் இன்னொருவருக்கு ஒத்துவருவதில்லை. ஆகவே இதை உதவி செய்யக்கூடிய ஒரு கருவி என்றுதான் சொல்வேன், மருந்து என்று சொல்ல மாட்டேன். டியூப் லைட்டுக்கும் எல்இடிக்கும் அடியில் வேலை செய்கிற உங்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்ததுதான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆன்லைனில் ஆர்டர் போடாதீர்கள். ரோஸ் நிறத்தில் இருப்பதெல்லாம் எஃப்எல்-41 ஆகிவிடாது, ஃபேஷனுக்கு விற்கும் ரோஸ் கண்ணாடி எந்த ஒளியைத் தடுக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உள்ளே வரும் என்ற வரைபடத்தைக் கேளுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். கடையில் டின்ட் மாதிரிகள் வைத்திருப்பார்கள். கடையின் எல்இடி விளக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் கண் முன் வைத்துப் பாருங்கள். போட்டவுடன் “ஆகா” என்று தோன்றுவதை நம்பாதீர்கள், எந்தக் கறுப்புக் கண்ணாடியும் அந்த உணர்வைத் தரும். பத்தாவது நிமிடத்தில் நெற்றி எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஏற்கனவே பவர் இருந்தால் அதையும் சேர்த்தே செய்ய வேண்டும். லேசான சாயம் போதும். எதிரே இருப்பவருக்கு உங்கள் கண் தெரிய வேண்டும், அதுதான் நான் சொல்லும் எளிய அளவு.

கறுப்பு அல்லது பிரவுன் கூலிங் கிளாஸ்: இதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, இதன் இடம் வாசலுக்கு வெளியே. பங்குனி சித்திரை வெயிலில், வெள்ளைச் சுவரும் கிரானைட் தூளும் பளீரென்று அடிக்கிற நம் மாவட்டங்களில் யாருக்கும் அது தேவைதான். யூவி 400 என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். வெறும் கறுப்புச் சாயம் மட்டும் பூசிய மலிவுக் கண்ணாடிக்குப் பின்னால் கண்பாப்பா விரியும், புற ஊதாக் கதிர் இன்னும் கூடுதலாக உள்ளே போகும். அதோடு குடையோ முன்விளிம்பு வைத்த தொப்பியோ இருந்தால் நல்லது. மேலிருந்து விழும் வெயிலைக் கண்ணாடியைவிட அவை நன்றாகத் தடுக்கும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகிரோமிக் லென்ஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும், டியூப் லைட்டுக்குக் கறுக்காது. நல்ல சூட்டில் கறுப்பதும் குறையும். உங்கள் தேவைக்கு அது வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரவில் வண்டி ஓட்டும்போது எந்தச் சாயக் கண்ணாடியும் கூடாது. எதிர் வண்டி வெளிச்சம் குறைவது போலத் தோன்றும், ஆனால் ரோட்டைக் கடக்கும் ஆளும் மாடும் தெரியாமல் போகும். இப்போதைக்கு நீங்கள் ஸ்கூட்டி எடுக்கவே வேண்டாம். ஒரு கன்கஷன் முழுதாக ஆறும் முன் தலையில் இன்னொரு அடி பட்டால், அடி சின்னதாக இருந்தாலும் பாதிப்பு பெரிதாகும். பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடுங்கள்.

இருட்டிலிருந்து வெளியே வருவது

கண் பரிசோதனையில் வேறு கோளாறு இல்லை என்று தெரிந்ததும் ஆரம்பியுங்கள். முதலில் வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் நிற்க வேண்டும். ஒரே நாளில் அல்ல. முதல் நாள் காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி கண்ணாடி இல்லாமல் இருங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டால் போதும். ஜன்னலில் இரண்டாக மடித்த புடவையை ஒற்றையாக்குங்கள். மூன்று நாள் பழகியதும் ஒரு சாண் விலக்குங்கள். அப்புறம் பாதி. விடிந்ததும் வெயில் ஏறுவதற்கு முன் இருபது நிமிடம் கண்ணாடி இல்லாமல் நடங்கள். மூச்சு வாங்காத நடை போதும். நடப்பது கண்ணுக்காக மட்டும் இல்லை, கன்கஷன் ஆறுவதற்கு இப்படி அளவான உடலுழைப்பு உதவுகிறது என்பது இப்போது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வலிக்குமா என்றால், கொஞ்சம் வலிக்கும். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆரம்பிக்கும் முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது இரண்டு மார்க்குக்குள் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் நீங்கள் சரியான வேகத்தில் போகிறீர்கள். அதற்கு மேல் ஏறினால் ஒரு படி இறங்கி, மறுநாள் அங்கிருந்து தொடருங்கள். முழுக்க இருட்டுக்கே திரும்பிவிடாதீர்கள்.

வீட்டு விளக்குகளைப் போன் கேமராவில் ஸ்லோமோஷனில் பார்க்கச் சொல்லித் தம்பியிடம் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மினுக்கும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் நொந்துபோன மூளைக்கு உறைக்கும். படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த பல்பை மாற்றுங்கள். கண்ணாடி வாங்கும் செலவைவிட இது குறைவு, பலருக்குப் பலனும் அதிகம். போன் வெளிச்சத்தை அறை வெளிச்சத்தோடு ஒத்திருக்கும்படி வையுங்கள். இருட்டு அறையில் போன் பார்க்கவே வேண்டாம்.

மாத்திரைக்கு வருகிறேன். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையானால் 10 நாளே போதும். நீங்கள் அந்த ரோட்டில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். தலைவலி அடங்காவிட்டால் நரம்பியல் டாக்டர் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து தருவார். கண் கூச்சமும் அதோடு தணிவதைப் பார்த்திருக்கிறேன். கழுத்து இறுக்கம் இருந்தால் பிசியோதெரபியும் சேரட்டும். மூளை, நரம்பு, மனநலச் சிகிச்சைக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஓசூரிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். இன்னும் ஆறு வாரத்தில் முன்னேற்றமே தெரியாவிட்டால் அங்கே காட்டுங்கள்.

இந்த அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் அதே நாளில், தேவைப்பட்டால் 108ஐக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்: நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறல், ஒரு கண்பாப்பா மட்டும் பெரிதாவது. காய்ச்சலோடு கழுத்து விறைத்துக் கண்ணும் கூசினாலோ, குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகினாலோ, அதுவும் அவசரம்தான்.

வேலையும் ஈஎஸ்ஐயும்

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. “கம்பெனிக்கு வெளியே நடந்த விபத்து, அதனால் ஒன்றும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கான பணம், பிடிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பதில் சரியில்லை. 2010ல் ஈஎஸ்ஐ சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புள்ளவை என்று காட்ட முடிந்தால், அது வேலையில் ஏற்பட்ட காயமாகவே கருதப்படும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, ஷிப்ட் நேரத்துக்கு, வழக்கமான வழியில் போயிருக்கிறீர்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

இதில் பண வித்தியாசமும் உண்டு. சாதாரண நோய்க்கு ஈஎஸ்ஐ தருவது சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டால் 90 சதவீதம், வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும். அதற்கு முதலில் கம்பெனி விபத்து அறிக்கை தர வேண்டும். நீங்கள் எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நாளன்று ஆஸ்பத்திரியில் போட்ட ஏஆர் (விபத்துப் பதிவேடு) காப்பி, சிடி ரிப்போர்ட், அன்றைய ஷிப்ட் விவரம், பஸ் ஏறும் இடத்தின் விவரம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஈஎஸ்ஐ மருந்தகத்தில் தொடர்ந்து சர்டிபிகேட் வாங்குங்கள். இடைவெளி விழுந்தால் பின்னால் சிக்கல். மறுத்தால் தர்மபுரி கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் உதவி கிடைக்கும்.

வேலைக்குத் திரும்பும்போது நேராக வட்ட விளக்கின் அடியில் போய் உட்காராதீர்கள். முதல் சில வாரம் பேக்கிங் மாதிரி வேறு இடம், பகல் ஷிப்ட், அரை நாள் என்று என் போன்ற ஒரு டாக்டர் எழுதித் தர முடியும். ரோஸ் கண்ணாடி போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆனால் அந்த டின்ட்டில் சாலிடர் நிறமும் கம்பி நிறமும் மாறித் தெரியும். நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையானால் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தப்பு உங்கள் தலையில் விழும். தேறத் தேற, கண்ணாடி போடும் நேரத்தையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் குறைந்தாலும் சரி.

மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிடு, அடிபட்டதைச் சொல்லாதே என்று அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவர் கவலை எனக்குப் புரிகிறது. அவரிடம் இந்தப் பக்கத்தையே படித்துக் காட்டுங்கள். இது பரம்பரை நோய் இல்லை, குழந்தைக்குப் போகாது, நாள் ஆகும், ஆனால் ஆறும். மறைத்துவிட்டுப் பந்தல் வெளிச்சத்திலும் வீடியோ லைட்டிலும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து தவிப்பதைவிட, ஒரு மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்வது எளிது.

கண் பரிசோதனைக்கு இந்த வாரமே போங்கள். கறுப்புக் கண்ணாடியையும், சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, எத்தனை நிமிடம் கண்ணாடி இல்லாமல் இருந்தீர்கள், வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதும்போது, அந்த ஜன்னல் புடவை இப்போது எதுவரை விலகியிருக்கிறது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.